இசான் கிராமத்தில் வீட்டோடு மாப்பிள்ளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்தின் வடகிழக்கில், ரோய் எட் மாகாணத்தில், என் மனைவி பிறந்த ஊரில் இருக்கிறேன். பாங்காக், பட்டாயா, புக்கெட் என்று சுற்றிப் பார்த்தவர்கள்கூட இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள். சொந்தக்காரர்களும் பழைய நண்பர்களும், இங்கே பெண்ணெடுக்கப் போகிற சிலரும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி வைக்கிறேன். இசான் எனப்படும் 20 மாகாணங்களை மனதில் வைத்துச் சொல்லும் பதில்கள் இவை. தெற்கே ரப்பர் தோட்டப் பக்கமோ வடக்கே சியாங் மாய் மலைப் பக்கமோ போனால் பாதி மாறிவிடும்.

கிராமம் என்றால் ஓலைக் குடிசையும் மாட்டு வண்டியுமா?

மாட்டு வண்டிச் சக்கரத்தைச் சாப்பாட்டுக் கடை வாசலில் அலங்காரத்துக்கு வைத்திருப்பதைத்தான் பார்க்கலாம். தெருவெல்லாம் கான்கிரீட். மின்சாரம், ஃபைபர் இணையம் எல்லாம் உண்டு. பழைய வீடுகள் மரத்தூண்மேல் உயரமாக நிற்கும். கீழே மாடு, தறி, ஊஞ்சல் வலை இருந்த இடத்தைப் பலர் இப்போது செங்கல் வைத்து அடைத்து அறையாக்கிவிட்டார்கள்.

ஊரில் குறைவாக இருப்பது நடுவயது ஆட்கள். அவர்கள் பாங்காக்கிலோ ரயோங் தொழிற்சாலைகளிலோ தைவான், கொரியா, இஸ்ரேலிலோ இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைத் தாத்தா பாட்டி வளர்க்கிறார்கள். சொங்கிரான் என்ற புத்தாண்டுப் பண்டிகைக்கு எல்லோரும் பிக்கப் வண்டிகளில் வந்து இறங்கும்போதுதான் ஊரின் உண்மையான மக்கள்தொகை தெரியும்.

ஒரு நாள் எப்படி ஆரம்பிக்கும்?

முதலில் சேவல், அப்புறம் ஊர்த்தலைவர். கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் ஆறு மணிக்கு முன்பே மோர்லாம் என்ற இசான் நாட்டுப்பாட்டு ஒன்று ஓடும். பாட்டு பாதியில் நிற்கும், தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்: முதியோர் உதவித்தொகை வந்திருக்கிறது, நாய்களுக்கு ஊசி போட ஆள் வருகிறது, கோயில் வளாகம் கூட்ட வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும், இன்னார் வீட்டில் துக்கம். தூக்கம் கெடுகிறது என்று அலுத்துக்கொள்ளாத வெளிநாட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. எனக்கு அது காலைச் செய்தித்தாள்.

அதற்குள் பிக்குகள் பாத்திரத்தோடு வரிசையாக வந்துவிடுவார்கள். மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு, ஆளுக்கு ஒரு சின்ன உருண்டை ஒட்டும் அரிசிச் சோறு போடுவார். குழம்பு, கறியெல்லாம் பிற்பாடு கோயிலுக்கே போகும்.

பிறகு பும்புவாங் வண்டி வரும். இது பின்பக்கம் முழுக்கக் கம்பி அடித்த ஒரு பிக்கப். கம்பியில் ரப்பர் பேண்ட் போட்ட சின்னச் சின்னப் பாலிதீன் பைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஒரு பையில் நாலு தக்காளி, ஒன்றில் ஒரு பிடி மிளகாய், ஒன்றில் வேகவைத்த மூங்கில் குருத்து, ஒன்றில் கெளுத்தி மீன், இன்னொன்றில் அசைந்துகொண்டிருக்கும் தவளை. ஒரு பை பெரும்பாலும் 10 அல்லது 20 பாட். தெருக் கிழவிகள் வண்டியைச் சுற்றி நின்று பையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பார்கள், வாங்குவது கடைசியில்தான். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், யார் மருமகள் பாங்காக்குக்குத் திரும்பிவிட்டாள் என்பதெல்லாம் அங்கேதான் பேசி முடியும். வண்டிக்காரம்மாவிடம் கடன் நோட்டும் உண்டு. என் பெயரில் அதில் பக்கம் கிடையாது, நான் வாங்குவதெல்லாம் மாமியார் பக்கத்தில் ஏறும்.

ஊர்க்காரர்கள் உங்களை எப்படிப் பார்க்கிறார்கள்?

இன்ன வீட்டு மாப்பிள்ளை என்று. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். இசானில் வழக்கமே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான். பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் மகளுக்கு, பெரும்பாலும் கடைக்குட்டிக்கு, வீடு போகும். நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஒரு நமட்டுச் சிரிப்பு இருக்கும். இங்கே அந்தச் சிரிப்பு இல்லை, ஊரில் பாதி ஆண்கள் அப்படி வந்தவர்கள்தான்.

யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். மூத்தவர் என்றால் பீ, இளையவர் நோங், அப்பா அம்மாவைவிடப் பெரியவர்கள் லுங், பா. நம் அண்ணன், தம்பி, பெரியப்பா, பெரியம்மா கணக்குதான். அதனால் முதல் சந்திப்பிலேயே வயதைக் கேட்பார்கள். வம்புக்குக் கேட்பதில்லை, உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டுமே. "எங்கே போகிறீர்கள், சாப்பிட்டாச்சா" என்று தெருவில் பத்துப் பேர் கேட்பதும் நமக்குப் பழகியதே. ஐரோப்பியர்கள்தான் அதில் எரிச்சலாகிறார்கள்.

கல்யாணத்துக்கு நாம் பணம் கொடுக்க வேண்டுமாமே?

ஆமாம், வரதட்சணைக்கு நேர் எதிர். சின் சொத் என்ற பணத்தையும் நகையையும் மாப்பிள்ளை பெண்ணின் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டும். தொகை பேச்சுவார்த்தையைப் பொறுத்தது. பெண்ணின் படிப்பு, வேலை, இது எத்தனையாவது கல்யாணம் என்பதையெல்லாம் பார்ப்பார்கள். நகைக்கடையில் பாட் என்பது எடை அளவும் கூட: ஒரு பாட் தங்கம் 15 கிராமுக்குக் கொஞ்சம் மேல். தட்டில் பணத்தைப் பரப்பி, ஊரார் முன்னால் எண்ணி, முடிந்துகட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். கல்யாணம் முடிந்தபின் ஒரு பகுதியைச் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுக்கும் மாமனார்களும் உண்டு. அதை எதிர்பார்த்துத் தொகையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அதே நாளில் பாசி சடங்கு. வாழையிலையைக் கோபுரமாக மடித்துப் பூ வைத்து நடுவில் நிறுத்துவார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து வாழ்த்துச் சொல்லி மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவார்கள். மூன்று நாளாவது அதை அவிழ்க்கக் கூடாது.

விசா எப்படி?

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்புமுன் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அடிப்படை இதுதான்: தாய்லாந்துக்காரரை மணந்தவர் ஓராண்டு நீட்டிப்புக் கேட்க, தன் பெயரில் உள்ள தாய்லாந்து வங்கிக் கணக்கில் 4 லட்சம் பாட் விண்ணப்பத்துக்கு முன் 2 மாதமாவது கிடக்க வேண்டும், அல்லது மாதம் 40,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். 50 வயது தாண்டி ஓய்வுக்கால விசாவில் வருபவருக்கு வங்கியில் 8 லட்சம் அல்லது மாதம் 65,000. நீட்டிப்புக் கட்டணம் 1,900 பாட்.

கல்யாண நீட்டிப்பில் பணம் மட்டும் போதாது. கணவனும் மனைவியும் வீட்டில் சேர்ந்திருக்கும் படங்கள், வீட்டுப் பதிவேட்டின் நகல், வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம் எல்லாம் கேட்பார்கள். அதிகாரிகள் நேரில் வந்து பக்கத்து வீட்டில் விசாரிப்பதும் உண்டு. பக்கத்து வீட்டம்மா உங்களைப் பற்றி என்ன சொல்வார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

90 நாளுக்கு ஒருமுறை முகவரி அறிக்கை தர வேண்டும். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தங்க வந்தால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடமை உங்கள் தலையில் இல்லை, வீட்டுப் பொறுப்பாளர் தலையில். எங்கள் வீட்டில் அது மாமியார். அவர் கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து, மச்சினி சொல்லச் சொல்ல அந்தப் படிவத்தை நிரப்புவது ஒரு தனிக் கூத்து. நாட்டைவிட்டு வெளியே போகுமுன் மறுநுழைவு அனுமதி வாங்காவிட்டால் நீட்டிப்பு அதோடு போச்சு.

நிலம் வாங்கலாமா?

உங்கள் பெயரில் முடியாது. 1954-ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி வெளிநாட்டுக்காரருக்கு நில உரிமை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மனைவி பெயரில் வாங்கும்போது, "இது இவளுடைய தனிச்சொத்து, என் பணமில்லை" என்று நிலப்பதிவு அலுவலகத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பணம் உண்மையில் யாருடையது என்பது ஊருக்கே தெரிந்திருந்தாலும் காகிதத்தில் அப்படித்தான்.

மேலே கட்டும் வீடு உங்கள் பெயரில் இருக்கலாம். நிலத்தை அதிகபட்சம் 30 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கலாம். 3 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தால்தான் செல்லும். ஆயுள் முழுக்க அனுபவிக்கும் உரிமையையும் பத்திரத்தின் பின்பக்கம் எழுதிப் பதியலாம். பலர் சங்கடப்பட்டு அதைக் கேட்பதில்லை. கேளுங்கள், அதில் தவறொன்றும் இல்லை. அப்புறம், எந்தப் பத்திரம் என்று பாருங்கள். சனோட் என்பதுதான் முழு உரிமைப் பத்திரம். சோ போ கோ என்பது அரசு விவசாயத்துக்கென்று கொடுத்த நிலம், விற்கவோ விடுதி கட்டவோ ஆகாது. விலை மலிவாக இருந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

காரம் விஷயத்தில் கவலை வேண்டாம். தமிழ் நாக்கே சில நாள் தோற்கும். காவ் நியாவ் என்ற ஒட்டும் அரிசிச் சோறுதான் மூன்று வேளையும். செட்டிநாட்டுக் கவுனி அரிசி சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பிசுபிசுப்பு தெரியும். இரவே ஊறவைத்து, கூம்பு மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைத்து, மூடிபோட்ட சின்ன ஓலைக்கூடையில் வைத்துக்கொள்வார்கள். பாயில் சம்மணமிட்டு, கையால் உருட்டி, தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும். கரண்டி தேடாத வெளிநாட்டுக்காரரைப் பார்த்து என் மாமனாருக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

பச்சைப் பப்பாளியை இடித்துச் செய்யும் சோம் தம்மில் இங்கே பிளா ரா ஊற்றுவார்கள். மீனை உப்பும் தவிடும் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்த சாறு அது. வாடை முதல் நாளே பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். கோடையில் மாமரத்துச் செவ்வெறும்பின் முட்டை கிடைக்கும். கீரையோடு கொதிக்கவைத்த அந்தக் குழம்பை மரியாதைக்காவது ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள், புளிப்பாக நன்றாகவே இருக்கும்.

ஒரே ஒரு இடத்தில் மரியாதை பார்க்காதீர்கள்: பச்சை ஆற்று மீனும் பச்சைப் பன்றி இறைச்சியும். கோய் பிளா என்ற பச்சை மீன் கொத்தில் கல்லீரல் தட்டைப்புழு இருக்கலாம். அது ஆண்டுக்கணக்கில் பித்தநாளத்தில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கலாம். உலகிலேயே பித்தநாளப் புற்று மிக அதிகமுள்ள இடங்களில் இசான் ஒன்று. பச்சைப் பன்றி இரத்தம் சேர்த்த லாப் என்ற இறைச்சிக் கொத்தால் செவிடானவர்களும் செத்தவர்களும் உண்டு. "டாக்டர் கூடாது என்றார்" என்று சொல்லிவிடுங்கள். யாரும் கோபப்பட மாட்டார்கள்.

நான் சைவம்.

கஷ்டம். மீன் சாஸ் இல்லாத பதார்த்தம் கிடையாது. ஜே என்று சொன்னால் இறைச்சி, மீன், முட்டை, பூண்டு, வெங்காயம் எதுவும் சேர்க்காத சமையல் என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் அப்படிக் கடை நகரத்தில்தான் இருக்கும். வீட்டில் உங்களுக்கென்று ஓர் அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். பருப்பும் மிளகாய்த் தூளும் ஊரிலிருந்து வரட்டும், கறிவேப்பிலைச் செடி இந்த மண்ணில் நன்றாக வளரும்.

தாய்லாந்து மொழியான தாய் படிக்க வேண்டுமா, இசான் மொழியா?

அலுவலகத்துக்குத் தாய், திண்ணைக்கு இசான். இசான் என்பது லாவோ மொழிதான். சுரின், சிசகேத் பக்கம் போனால் வீட்டுக்குள் கெமரும் பேசுவார்கள். எழுத்துக்காகத் தாயில் ஆரம்பியுங்கள். கெமர் எழுத்து வழியாகப் பல்லவ எழுத்தில் வேர்விட்ட எழுத்து அது. கொம்பும் காலும் மெய்க்கு முன்னும் பின்னும் நிற்கும் முறை நமக்குச் சட்டென்று பிடிபடும். படாதபாடு படுத்துவது ஐந்து தொனிகளும், நாம் பிரித்துச் சொல்லிப் பழகாத மூச்சொலிகளும்தான்.

தேதியில் கவனமாக இருங்கள். இங்கே புத்த ஆண்டு, நம் கணக்கோடு 543 கூட்ட வேண்டும். 2025 இங்கே 2568. பால் பாக்கெட்டில் 68 என்று இருந்தால் ஏதோ விலை என்று நினைக்காதீர்கள்.

துக்க வீட்டுக்குக் கட்டாயம் போக வேண்டுமா?

போங்கள். கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் இதற்குப் போங்கள். வீட்டுக்கு ஒருவர் தலைகாட்ட வேண்டும் என்பது ஊர்க் கணக்கு. மனைவி சமையலுக்குப் போயிருப்பாள், அடுத்த ஆள் நீங்கள்தான்.

உடலைச் சில நாள் வீட்டிலேயே வைத்திருப்பார்கள். குளிரூட்டிய பெட்டி, அதைச் சுற்றிப் பூவும் மினுக்கும் விளக்குகளும். பிக்குகள் வந்து ஓதும்போது பெட்டியிலிருந்து ஒரு வெள்ளை நூல் அவர்கள் கைவரை போகும். முற்றத்தில் பந்தல், பந்தலில் இருபது பெண்கள் மலைபோல் காய் நறுக்கிக்கொண்டிருப்பார்கள். ஓரத்தில் இரவு முழுக்கச் சீட்டாட்டம், துணைக்கு அரிசிச் சாராயம். முதன்முதலில் பார்ப்பவருக்கு இது துக்கமா திருவிழாவா என்று குழப்பம் வரும். இறந்தவரையும் வீட்டாரையும் தனியாக விடக் கூடாது, அதற்கு விழித்திருக்க வேண்டும், அதற்கு ஏதாவது வேண்டும். நம் ஊர்த் துக்க வீட்டில் தாயம் ஆடுபவர்கள் இருந்தார்களே, அதே கதைதான்.

வெள்ளை உறையில் பணம் வைத்துப் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். 100 பாட் இருந்தாலும் போதும், நெருங்கியவர் என்றால் கூடுதல். மொய் நோட்டு மாதிரியே யார் எவ்வளவு என்று எழுதி வைத்துத் திருப்பிச் செய்வார்கள். உறையில் குடும்பப் பெயர் வரட்டும்.

எரிக்கும் நாளில் பேரனோ மகனோ மொட்டையடித்து அன்று ஒருநாள் துறவியாவான். கோயில் தகன மேடையில் பெட்டியைத் திறந்து, இளநீரை உடைத்து முகத்தில் ஊற்றுவார்கள். ஒவ்வொருவரும் சந்தனப் பூ எனப்படும் ஒரு செயற்கைப் பூவை வைத்துவிட்டு இறங்க வேண்டும். ரிப்பன் சுற்றிய சில்லறைக் காசுகளை இறைப்பார்கள், பிள்ளைகள் பாய்ந்து பொறுக்கும். கறுப்பு அல்லது வெள்ளை உடை ஒன்று அலமாரியில் எப்போதும் இருக்கட்டும், வயதானவர்கள் நிறைந்த ஊர் இது.

நிறம் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். வெளுப்பாக்கும் கிரீம் விற்காத பெட்டிக்கடை இல்லை. வெள்ளைக்காரருக்குக் கிடைக்கும் முதல்நாள் வரவேற்பு நமக்குக் கிடைக்காது, ரொட்டி விற்பவரா என்றும் கேட்பார்கள். ஆனால் இசான்காரர்களையே பாங்காக்கில் கறுப்பு, பட்டிக்காடு என்று கிண்டல் செய்வதுண்டு. அதனாலோ என்னவோ, ஊருக்குள் அது ஒட்டி நிற்பதில்லை. வெள்ளைக்கார மாப்பிள்ளை என்றால் பணம் கொட்டும் என்ற எதிர்பார்ப்பு நம்மிடம் குறைவு. அதுவும் ஒரு நிம்மதிதான்.

உறவினர் கடன் கேட்டால்?

கேட்பார்கள். பள்ளிக் கட்டணம், வண்டித் தவணை, விவசாய வங்கிக் கடனுக்கு வட்டி. நேரடியாக நீங்கள் பதில் சொல்லாதீர்கள், மனைவி சொல்லட்டும். யாருக்குக் கொடுத்தால் திரும்பும், யாருக்குக் கொடுப்பது கடமை என்பது அவளுக்குத்தான் தெரியும்.

உடம்பு சரியில்லை என்றால்?

ஒவ்வொரு தம்போனிலும், அதாவது சில ஊர்கள் சேர்ந்த வட்டத்தில், ஒரு சுகாதார நிலையம் உண்டு. ஊர்ப் பெண்களே சுகாதாரத் தொண்டர்களாக வீடு வீடாக வந்து ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச் அடிப்பார்கள். 2002-இல் நாடு முழுக்க வந்த 30 பாட் மருத்துவத் திட்டம் தாய்லாந்துக் குடிமக்களுக்கானது. நமக்கு அரசு ஆஸ்பத்திரியிலும் காசு, ஆனால் மாகாணத் தலைநகரத் தனியார் ஆஸ்பத்திரியைவிட மிகக் குறைவு. காப்பீடு இல்லாமல் வராதீர்கள்.

பாம்பைவிட நான் பயப்படுவது இரண்டுக்கு. ஒன்று மோட்டார் சைக்கிள். உலகில் சாலைச் சாவு மிக அதிகமுள்ள நாடுகளில் இது ஒன்று, அதில் பெரும்பங்கு இரண்டு சக்கரம். இடதுபக்கம் ஓட்டுவதால் நமக்குப் பழகியதுதான் என்ற மிதப்பில் ஹெல்மெட்டை மறக்காதீர்கள். இன்னொன்று மண். மெலியோய்டோசிஸ் என்ற நோயைக் கொடுக்கும் கிருமி இந்த வயல் மண்ணிலும் நீரிலும் இருக்கிறது. மழைக்காலத்தில் கால் புண் வழியாக ஏறும், சர்க்கரை நோயாளியை அதிகம் தாக்கும். நம்மில் எத்தனை பேருக்குச் சர்க்கரை என்று சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை இருந்தால் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் வயலில் இறங்காதீர்கள். காய்ச்சல் வந்தால் வயலில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

அங்கே என்ன வேலை செய்வது?

சம்பளத்துக்கு எதுவானாலும் வேலை அனுமதி வேண்டும். மற்றபடி மாமனாரின் வயல் இருக்கிறது. இந்தப் பக்கத்துத் துங் குலா ரோங்ஹாய் சமவெளி மல்லிகை அரிசிக்குப் பேர்போனது, 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்தது. வானம் பார்த்த பூமி, ஆண்டுக்கு ஒரே போகம், மழையோடு விதைத்து நவம்பர் வாக்கில் அறுப்பு. நாற்று நடுபவர்கள் குறைந்துவிட்டார்கள், விதைத்துவிட்டு வாடகை இயந்திரத்தில் அறுக்கிறார்கள். விற்பது மல்லிகை அரிசி, வீட்டில் தின்பது ஒட்டும் அரிசி என்பதால் இரண்டுக்கும் தனித்தனி வயல். அறுப்பு தவிர்த்த மாதங்களில் சலிப்பு வரும், நிச்சயம் வரும். படிக்கவும் தோட்டம் போடவும் தெரிந்தவர் தப்பிப்பார். பீர் பாட்டிலோடு மட்டும் உட்கார்ந்தவர்களின் கதை நன்றாக முடிவதில்லை.

ஊரிலிருந்து வருகிறவர்களை எங்கே கூட்டிப்போவது?

புரிராம் மாகாணத்தில் பனோம் ருங். அணைந்துபோன எரிமலை உச்சியில் கெமர் அரசர்கள் காலத்துச் சிவன் கோயில். பள்ளிகொண்ட பெருமாள் செதுக்கிய நிலைவாசல் கல் ஒன்று அங்கிருந்து காணாமல் போய், சிகாகோ அருங்காட்சியகத்தில் இருப்பது தெரியவந்து, 1988-இல் திரும்பி வந்தது. ஆண்டில் சில நாள் மட்டும் 15 வாசல்களையும் ஊடுருவிச் சூரியன் நேராகத் தெரியும். அந்த நாள்களில் ஒன்று ஏப்ரல் தொடக்கத்தில் வரும்.

முதல் தடவை எப்போது வந்து பார்ப்பது?

டிசம்பர், ஜனவரியில் வந்தால் ஊரே பிடித்துப்போகும், அதனால்தான் அப்போது மட்டும் வந்து முடிவெடுக்காதீர்கள். விடியற்காலைக் குளிரில் எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், அறுப்புப் பணம் கையில் இருக்கும், எல்லோரும் நல்லவர்களாக இருப்பார்கள். ஏப்ரலில் வாருங்கள். வெயில் 40 டிகிரியைத் தொடும், கரும்புக் கொல்லை எரித்த சாம்பல் துணியில் விழும். 13-ஆம் தேதி தொடங்கிச் சொங்கிரான். நம் சித்திரைப் புத்தாண்டும் இதுவும் சூரியன் மேஷத்தில் நுழையும் ஒரே கணக்குதான். பெரியவர்கள் கையில் வாசனை நீர் ஊற்றி ஆசி வாங்க வேண்டும். தெருவில் வாளி வாளியாக ஊற்றுவார்கள், ராத்திரி இரண்டு மணிவரை ஒலிபெருக்கி. வீட்டில் பதினைந்து பேர், குளியலறை ஒன்று. அதையும் தாங்கிக்கொண்டு இருக்க முடிந்தால் விசா வேலையை ஆரம்பிக்கலாம்.